மீன்தொட்டிச் செடிக்கு எத்தனை ஒளி?

கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்ப்பது, ஒரு காலத்தில் நகரத்து மருத்துவமனைகளிலும் பெரிய உணவு விடுதிகளிலும் மட்டுமே காணக்கூடிய காட்சியாக இருந்தது. இன்று அப்படியன்று. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களிலும், நெல்வயலை ஒட்டிய வீட்டின் கூடத்திலே ஒரு மீன்தொட்டி இடம்பிடித்திருப்பதைக் காண்கிறோம். பிள்ளைகளின் பிறந்த நாளுக்காகவோ, தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றதற்காகவோ வாங்கித் தந்த பரிசாக அது இருக்கும். இரண்டடி நீளத் தொட்டி, அடியில் மணல், ஐந்தாறு கப்பி மீன்கள், இரண்டு மூன்று பச்சைச் செடிகள். பார்க்கும் கண்ணுக்குக் குளிர்ச்சி. பிள்ளைகளுக்கோ அதுவே ஒரு பள்ளிக்கூடம்.

ஆயினும் பல வீடுகளில் இந்த மகிழ்ச்சி இரண்டு மாதத்திற்கு மேல் நீடிப்பதில்லை. மீன்கள் பிழைத்திருக்கின்றன, செடிகள் மட்டும் ஒவ்வொன்றாய் அழுகிப் போகின்றன. அல்லது செடியெல்லாம் பாசி படர்ந்து, தண்ணீரே பச்சைக் குழம்பாய் மாறிவிடுகிறது. "நமக்குச் செடி ராசி இல்லை" என்று சொல்லி, பிளாஸ்டிக் செடியை வாங்கி நட்டுவிடுகிறார்கள். ராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெரும்பாலான வீடுகளில் குற்றம் தொட்டியின் மேலே தொங்கும் விளக்கில் இருக்கிறது. எந்த விளக்கை வாங்குவது, எத்தனை நேரம் எரிப்பது, பழுதான பின் அதை என்ன செய்வது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொண்டால், குறைந்த செலவிலேயே பசுமையான தொட்டியை வளர்க்கலாம். அதனை இங்கே விளக்கமாகக் காண்போம்.

ஒளியே உணவு

பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் செய்த ஒரு சோதனை பலருக்கும் நினைவிருக்கும். ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடியைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் இட்டு, அதன்மேல் புனலைக் கவிழ்த்து, புனலின் முனையில் நீர் நிரம்பிய சோதனைக் குழாயைத் தலைகீழாகப் பொருத்தி வெயிலில் வைப்பார் ஆசிரியர். சற்று நேரத்தில் செடியிலிருந்து சிறுசிறு குமிழிகள் எழுந்து குழாயின் உச்சியில் சேரும். அவை உயிர்வளிக் குமிழிகள். குவளையை நிழலுக்கு மாற்றினால் குமிழிகள் குறையும். இருட்டில் வைத்தால் நின்றுபோகும்.

மீன்தொட்டியின் செடியும் அதையேதான் செய்கிறது. நீரையும், நீரில் கரைந்துள்ள கரியமில வாயுவையும் எடுத்துக்கொண்டு, ஒளியின் வலிமையால் தனக்கு வேண்டிய மாவுப்பொருளைச் சமைத்துக்கொள்கிறது. மீனுக்கு வேண்டிய உயிர்வளியை வெளிவிடுகிறது. மீனின் கழிவிலிருந்து கரையும் அம்மோனியாவையும் செடி உறிஞ்சிக்கொள்வதால் தண்ணீர் தூய்மையடைகிறது. ஒளி போதாவிட்டால் இந்தச் சமையல் நடவாது. செடி முதலில் தன் சேமிப்பைத் தின்று வாழும். பிறகு அடியிலைகளை உதிர்க்கும். கடைசியில் அழுகி, மீனுக்கும் கேடாய் முடியும். வாங்கிய முதல் மாதத்தில் செழிப்பாய்த் தோன்றிய செடி அடுத்த மாதத்தில் சாவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

எல்லாச் செடிகளுக்கும் ஒரே அளவு ஒளி வேண்டியதில்லை என்பதையும் அறிய வேண்டும். ஜாவா பாசி, ஜாவா பெரணி, ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அனுபியாஸ், தென்னிந்திய ஓடைகளிலும் வளரும் கிரிப்டோகோரைன் ஆகியவை நிழலைத் தாங்குபவை. நாடாவைப் போல் நீண்டு வளரும் வாலிஸ்நேரியாவும், மேலே சொன்ன ஹைட்ரில்லாவும் மிதமான ஒளியில் நன்கு வளரும். நம் முன்னோர் குளங்களில் கண்டறிந்த கொட்டிச் செடியின் குலத்தைச் சேர்ந்தவை, அபோனோஜெட்டன் என்னும் பெயரில் மீன் கடைகளில் கிழங்காக விற்கப்படுகின்றன. அவற்றுக்கும் மிதமான ஒளி போதும். ரோட்டாலா, லிம்னோஃபிலா போன்றவை ஒளியை மிகுதியாக நாடுபவை. இவற்றின் குலத்துச் செடிகள் நெல்வயல்களில் களையாக முளைப்பவை. புதுவையின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்ற பாகூரில் களையெடுத்து வரப்பில் எறியும் செடியின் உறவினரை, சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் சந்தையிலிருந்து விலை கொடுத்து வாங்கி வருகிறோம் என்பது வேடிக்கைதான். திறந்த வயலில் வெயிலைக் குடித்து வளர்ந்த குலம் அது; கூடத்து மூலையின் மங்கல் வெளிச்சத்தில் எப்படிப் பிழைக்கும்?

ஆகவே, முதலில் எந்தச் செடி என்று தீர்மானித்து, அதற்கேற்ற விளக்கைத் தேட வேண்டும். நாமோ கடைக்குச் சென்று, "அண்ணே, நல்லா பளிச்சுனு எரியுற லைட்டு ஒண்ணு குடுங்க" என்று கேட்கிறோம். அது நம் கண்ணுக்கு விளக்கு வாங்கும் முறை. செடிக்கு விளக்கு வாங்கும் முறையன்று.

குழல் விளக்கின் உள்ளே

மீன்தொட்டிக்கு நெடுங்காலம் துணையாய் இருந்தது டியூப் லைட் என்று நாம் வழங்கும் குழல் விளக்கே. 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த இவ்விளக்கு, நம் நாட்டில் வீடு, பள்ளி, அலுவலகம் அனைத்திலும் குடியேறியது. ஊர்த் திருவிழாக்களில் சவுக்குக் கம்பங்களில் வரிசையாய்க் கட்டப்பட்டு, தேர் வரும் வீதியைப் பகலாக்கியதும் இதுவே.

குழலின் உள்ளே சிறிதளவு பாதரச ஆவி இருக்கிறது. மின்சாரம் பாயும்போது அந்த ஆவியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் எழுகிறது. குழலின் உட்புறத்தில் பூசப்பட்டுள்ள வெள்ளைப் பொடி அந்தக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருகிறது. ஆகவே ஒளியின் தன்மையைத் தீர்மானிப்பது அந்தப் பூச்சு. பழைய, விலை குறைந்த குழல்களில் ஹாலோபாஸ்பேட் என்னும் பூச்சு இருக்கும். பின்னர் வந்த தரமான குழல்களில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிற ஒளியையும் தனித்தனியே தரும் முப்பூச்சு இருக்கும். செடியின் பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் மிகுதியாக உறிஞ்சுவதால், முப்பூச்சுக் குழலே தொட்டிக்கு ஏற்றது. அதே மின்செலவில் அது கூடுதல் ஒளியும் தரும். இரண்டடி நீளமும் 18 வாட் திறனும் உள்ள பழைய வகைக் குழல் ஏறத்தாழ 1,050 லூமன் ஒளியைத் தரும்போது, முப்பூச்சுக் குழல் 1,350 லூமன் தருகிறது.

இந்த வேறுபாட்டைக் குழலின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கொண்டே கண்டறியலாம். 865 என்று இருந்தால், முதல் எண்ணாகிய 8, பொருள்களின் நிறத்தை உள்ளபடி காட்டும் திறன் நூற்றுக்கு 80-க்குக் குறையாது என்பதைக் குறிக்கும்; அடுத்துள்ள 65, ஒளியின் நிறம் 6,500 கெல்வின் என்பதைக் குறிக்கும். அது நண்பகல் வெளிச்சத்தை ஒத்த வெண்ணிற ஒளி. 840 என்றால் 4,000 கெல்வின். சற்றே இளஞ்சூடான வெண்மை. இவ்விரண்டும் செடிக்கு ஏற்றவை. 765 என்றிருந்தால் அது பழைய பூச்சு. டி-12, டி-8, டி-5 என்பவை குழலின் பருமனைச் சொல்பவை. ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து எண்ணும் கணக்கு அது. டி-8 என்றால் சரியாக ஓர் அங்குலம். டி-5 மெல்லியது, நீளத்திலும் சற்றுக் குறைவு, ஆதலால் பழைய பட்டையில் அதனைப் பொருத்த இயலாது.

வாட் கணக்கும் லூமன் கணக்கும்

மீன் வளர்ப்போரிடையே பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை வாட் குழல் விளக்கு என்பதே அது. குழல் விளக்கு மட்டுமே இருந்த காலத்தில் இக்கணக்கு ஓரளவு பொருந்தியது. இன்று எல்.இ.டி. விளக்கு வந்துவிட்டது. குறைந்த வாட்டில் கூடுதல் ஒளி தருவது அதன் இயல்பு. ஆகவே வாட்டை எண்ணி வாங்குவது பொருளற்றது. வாட் என்பது நாம் செலவிடும் மின்சாரம்; லூமன் என்பது நாம் பெறும் ஒளி. பெறும் ஒளியையே எண்ண வேண்டும்.

லூமனைக் கொண்டு கணக்கிடும் கைக்கணக்கு இதுதான். நிழல் தாங்கும் செடிகளுக்கு லிட்டருக்கு 10 முதல் 20 லூமன். நடுத்தரச் செடிகளுக்கு 20 முதல் 40 லூமன். அதற்கு மேலே ஒளி நாடும் செடிகள். உண்மையில் லூமன் என்பது மனிதக் கண்ணின் உணர்வை வைத்து வகுத்த அளவு. செடிக்கு வகுத்த அளவன்று. எனினும், வெண்ணிற விளக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட வீட்டுக்கு இக்கணக்குப் போதும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் உள்ள தொட்டியின் கொள்ளளவு இரண்டரைக் கன அடி. அதாவது ஏறத்தாழ 70 லிட்டர். மணலுக்கும், மேலே விடும் இடைவெளிக்கும் கழித்தால் 60 லிட்டர் தண்ணீர் நிற்கும். கிரிப்டோகோரைன், ஜாவா பெரணி முதலிய எளிய செடிகளுக்கு 600 முதல் 1,200 லூமன் வேண்டும். 18 வாட் குழல் ஒன்றோ, 10 வாட் எல்.இ.டி. பட்டை ஒன்றோ இதற்குப் போதும். வாலிஸ்நேரியாவும் அபோனோஜெட்டனும் நட விரும்பினால் 1,500 லூமன் அளவில் தேவை, எல்.இ.டி. என்றால் 15 வாட் பட்டை ஒன்று. ரோட்டாலாவைச் சிவக்கச் சிவக்க வளர்க்க வேண்டுமென்றால் 2,400 லூமனுக்கு மேல் வேண்டும். அப்போது விளக்கு மட்டும் போதாது. கரியமில வாயுவை உருளையிலிருந்து செலுத்த வேண்டும். உரமும் இட வேண்டும். அந்தச் செலவுக்கு அணியமாக இல்லாத குடும்பம் எளிய செடிகளோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

விளக்கிலிருந்து வரும் ஒளி முழுவதும் தொட்டிக்குள் விழுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். குழல் விளக்கு எல்லாப் பக்கமும் ஒளியை வீசும். மேலே மூடி இல்லாவிட்டால் பாதி ஒளி கூரைக்குத்தான் போகும். உட்புறம் வெள்ளை வண்ணம் பூசிய மூடி ஒன்று இருந்தால் அந்த ஒளி திரும்பி வரும். எல்.இ.டி. பட்டை கீழ்நோக்கியே ஒளி வீசுவதால் அந்தக் கவலை இல்லை. இன்னொன்று, நம் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணற்று நீரின் உப்பு, தொட்டியின் மேல்மூடிக் கண்ணாடியில் வெண்படலமாய்ப் படியும். அதன் ஊடே வரும் ஒளி வெகுவாய்க் குறைந்துவிடும். புதிய விளக்கு வாங்குமுன் அந்தக் கண்ணாடியைக் கழற்றி, எலுமிச்சைச் சாறு தேய்த்துக் கழுவிப் பாருங்கள். சில வீடுகளில் அதுவே போதுமானதாய் இருக்கும்.

மிகுந்தால் ஒளியும் நஞ்சு

விளக்கு வாங்கியபின் பலர் காலை முதல் இரவு வரை எரியவிடுகின்றனர். செடி சாப்பிட்டு மீந்த ஒளியை யார் சாப்பிடுவது? பாசிதான். முதலில் கண்ணாடியில் பச்சைப் புள்ளி. பிறகு இலை ஓரத்தில் கறுப்பு மயிர். பின்பு தண்ணீரே பச்சை. இதனைத் தீர்க்க மருந்து வாங்கி ஊற்றுவதைக் காட்டிலும் விளக்கை அணைப்பது எளிது.

புதுவை நிலநடுக்கோட்டுக்கு 12 பாகை வடக்கே உள்ளது. நம் ஊரின் பகற்பொழுது ஆண்டு முழுவதும் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரத்திற்கும் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்திற்கும் இடையில்தான் அமைகிறது. அதிலும் வெயில் வலுத்திருப்பது நடுவில் சில மணி நேரமே. ஆகவே தொட்டிக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர ஒளி போதுமானது. புதிதாய்ச் செடி நட்ட முதல் மாதத்தில் ஆறு மணி நேரம். செடி வேரூன்றிய பிறகு எட்டு. அந்த எட்டு மணி நேரத்தைக் குடும்பத்தார் வீட்டில் இருக்கும் வேளையில் அமைத்துக்கொள்ளலாம். பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை என்றால், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் வேலை முடிந்து வரும் தந்தையும் கண்டு மகிழலாம். நேரங்காட்டி பொருத்திய மின்செருகி ஒன்று இருந்தால் மறதிக்கு இடமில்லை. இரவில் இருள் வேண்டும். மீனுக்கும் அதுவே ஓய்வு நேரம்.

தொட்டியை வெயில் படும் சன்னலருகே வைப்பது கூடாது. அந்த வெயிலை நாம் அளக்க முடியாது; பாசியும் பெருகும், தண்ணீரும் சூடேறும். அக்கினி நட்சத்திரக் காலத்தில் இது மீனுக்கு உயிர்ப் பிரச்சினை. நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் உயிர்வளி குறையும். குழல் விளக்கும் அதன் சோக்கும் தொட்டியின் மூடிக்குள்ளேயே சூட்டைச் சேர்ப்பவை என்பதால், மே மாதத்தில் மூடியைச் சற்றே உயர்த்திக் காற்றோட்டம் தர வேண்டும்.

அளவு சரிதானா என்பதைச் செடியே சொல்லும். தண்டு நீண்டு, இலைக்கும் இலைக்கும் இடைவெளி கூடி, அடியிலை உதிர்ந்தால் ஒளி குறைவு. நேரத்தைக் கூட்டாமல் விளக்கைக் கூட்டுங்கள். இலைமேல் பாசி படர்ந்தால் ஒளி மிகுதி. இரண்டு மணி நேரம் குறையுங்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்து, அதன் பிறகே அடுத்த மாற்றம் செய்யுங்கள்.

குழலா, எல்.இ.டி.யா?

இன்று புதிதாய் வாங்குவோர் எதை வாங்குவது? இதற்கு விடை காணுமுன், ஜப்பான் நாட்டின் மினமாட்டா என்னும் கடற்கரை ஊரை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு வேதித் தொழிற்சாலை பாதரசம் கலந்த கழிவைப் பல ஆண்டுகள் விரிகுடாவில் விட்டது. பாதரசம் மீனின் உடலில் சேர்ந்தது. மீனைத் தின்ற பூனைகள் துடித்துச் செத்தன. மீனவக் குடும்பங்களில் கை கால் விளங்காமல் போயின. தாயின் வயிற்றிலிருந்த குழந்தைகளும் தப்பவில்லை. 1956-ஆம் ஆண்டில் அந்நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. தமிழ்நாட்டிலும் இத்தகைய துயரம் உண்டு. கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று, பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு பழைய பொருள் கடையில் கண்டுபிடிக்கப்பட்ட பின், 2001-இல் மூடப்பட்டது.

பாதரசத்தின் பயன்பாட்டைக் குறைக்க உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு அந்த ஜப்பானிய ஊரின் பெயரையே சூட்டினர். 2013-இல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது; இந்தியா 2018-இல் அதனை ஏற்று உறுதி செய்தது. 2023-இல் ஜெனீவாவில் கூடிய மாநாட்டில், குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்துவதென நாடுகள் முடிவெடுத்தன. ஆகவே குழல் விளக்கு விடைபெறும் பொருள். இனி ஒருவர் புதிதாய்ச் சோக்கும் பட்டையும் வாங்கினால், அதற்கு ஏற்ற நல்ல முப்பூச்சுக் குழல் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அரிதாகும்.

மின்செலவும் எல்.இ.டி.க்கே சாதகம். நான்கடித் தொட்டிக்கு 36 வாட் குழல் போட்டால், செம்புச் சோக்கின் செலவையும் சேர்த்து ஏறத்தாழ 50 வாட் ஆகும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரமெனில் மாதத்திற்கு 12 யூனிட். 20 வாட் எல்.இ.டி. பட்டை, அதே நேரத்திற்கு ஐந்து யூனிட்டுக்கும் குறைவு. எல்.இ.டி. நம் மக்களுக்குப் புதியதும் அன்று. வீடுகளுக்குச் சலுகை விலையில் எல்.இ.டி. பல்பு தரும் திட்டம் நாடெங்கும் 2015-இல் தொடங்குவதற்கு முன்பே, 2014-இல் புதுவையில்தான் தொடங்கியது. 7 வாட் பல்பு ஒன்று 10 ரூபாய்க்குத் தரப்பட்டது.

எனவே நம் ஆலோசனை இதுவே. வீட்டில் குழல் விளக்கு நல்ல நிலையில் எரிந்துகொண்டிருந்தால், அதைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. அதன் ஆயுள் முடியும் வரை எரியட்டும். செடி அதிலும் நன்றாகவே வளரும். ஆனால் ஓராண்டுக்கு மேல் எரிந்த குழலின் ஒளி, நம் கண்ணுக்குத் தெரியாமலே மங்கியிருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஓரங்கள் கறுத்தால் அதன் காலம் முடிந்தது. புதிதாய் வாங்குவோர் எல்.இ.டி.யையே வாங்குக. பழைய பட்டையில் எல்.இ.டி. குழலை மாட்ட நினைப்பவர், ஸ்டார்ட்டரையும் சோக்கையும் என்ன செய்வது என்பதை மின்பணியாளரைக் கொண்டு முடிவு செய்க, எல்லா எல்.இ.டி. குழலும் எல்லாப் பட்டைக்கும் பொருந்தாது. பழையதை முழுவதுமாய்க் கழற்றி, முழு எல்.இ.டி. பட்டையாக மாற்றுவதே சிக்கலற்ற வழி.

கடையில் பெட்டியைக் கையில் எடுத்து நான்கு செய்திகளைப் படியுங்கள். லூமன் எத்தனை என்று அச்சிட்டிருக்க வேண்டும். வாட் மட்டும் போட்டிருந்தால் திருப்பிக் கொடுங்கள். நிறம் 4,000 முதல் 6,500 கெல்வினுக்குள் இருக்கட்டும். நிறங்காட்டும் திறன் 80-க்குக் குறையக் கூடாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண் இருக்க வேண்டும். நீலமும் ஊதாவுமாய் மாறி மாறி ஒளிரும் விளக்குகளைக் கண்டு பிள்ளைகள் மயங்குவார்கள். அவை காட்சிக்கு அழகு. ஆனால் அவற்றில் பலவற்றின் ஒளி செடிக்குப் போதாது. மீன் கடையில் தனியே விற்கும் விலை உயர்ந்த விளக்குத்தான் வேண்டும் என்பதில்லை. மேற்சொன்ன நான்கும் பொருந்தினால், மின்பொருள் கடையின் சாதாரணப் பட்டையே செடியை வளர்க்கும்.

தண்ணீரும் மின்சாரமும்

விலையைக் காட்டிலும் முக்கியமானது உயிர். மீன்தொட்டி என்பது 230 வோல்ட் மின்சாரத்திற்குக் கீழே ஓரடி ஆழத் தண்ணீரை வைத்து, அதனருகே குழந்தையை நிறுத்தும் ஏற்பாடு. ஆகவே சிலவற்றை ஒருபோதும் தளர்த்தக் கூடாது. விளக்குக்கும் தண்ணீருக்கும் இடையே கண்ணாடி மூடி இருக்க வேண்டும். மின்கம்பி, செருகியை நோக்கிச் செல்லும் வழியில் ஓரிடத்தில் செருகியைவிடத் தாழ்ந்து வளைந்து தொங்க வேண்டும். அப்போதுதான் கம்பி வழியே வழியும் நீர், செருகிக்குள் புகாமல் அந்த வளைவிலிருந்து கீழே சொட்டும். உலோகப் பட்டைக்கு நில இணைப்புத் தேவை. வீட்டின் மின்பலகையில் 30 மில்லியாம்பியர் கசிவுத் தடுப்பான் ஒன்றைப் பொருத்திக்கொள்வது மீன்தொட்டிக்கு மட்டுமன்றி வீட்டுக்கே காப்பு. தொட்டிக்குள் கை வைக்குமுன், விளக்கு, காற்றுக்கருவி, வடிகட்டி அனைத்தின் செருகியையும் பிடுங்கிவிட வேண்டும். இதைப் பெரியவர் ஒவ்வொரு முறையும் செய்தால்தான் பிள்ளைக்கும் பழக்கமாகும்.

பழுதான குழலை என்ன செய்வது?

ஊர்ப்புறங்களில் எரியாத குழல் விளக்கு சிறுவரின் வாளாகிறது; சாகசம் காட்டும் இளைஞரின் தலையில் உடைகிறது; அல்லது வாய்க்கால் கரையில் எறியப்படுகிறது. ஒரு குழலில் உள்ள பாதரசம் சில மில்லிகிராம்தான். ஆனால் எத்தனை வீடுகள், எத்தனை திருவிழாப் பந்தல்கள் என்று எண்ணிப் பாருங்கள். எறியப்படும் வாய்க்கால் எங்கே போகிறது என்றும் பாருங்கள். பாகூர் ஏரி வயல்களுக்கு நீர் தருவது. வில்லியனூருக்கு அருகிலுள்ள ஊசுட்டேரி, 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏரியில் சேரும் பாதரசம், சேற்றிலுள்ள நுண்ணுயிர்களால் கொடிய நஞ்சாக மாறி மீனுக்குள் செல்லும். அந்த மீன் கொக்குக்கும் உணவு. நம் சட்டியிலும் குழம்பு.

ஆகவே எரியாத குழலை உடைக்காமல், புதிய விளக்கு வந்த அட்டைக்குள்ளேயே செருகி, பிள்ளைகளுக்கு எட்டாத பரணில் வையுங்கள். மின்னணுக் கழிவு விதிகளில் பாதரச விளக்குகளும் அடங்கும். அவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. விளக்கு வாங்கும் கடையில் இதைக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். ஊரே கேட்டால் வழி செய்வார். ஒவ்வொரு பங்கிலும் இளையோர் ஆண்டுக்கு ஒருமுறை வீடு வீடாய்ச் சென்று பழைய குழல்களைச் சேர்த்து, உரிமம் பெற்ற மறுசுழற்சி நிலையத்திடம் ஒப்படைத்தால் அது ஊருக்குச் செய்யும் நற்பணியாகும்.

தவறி உடைந்துவிட்டால், பிள்ளைகளை வெளியே அனுப்பிச் சன்னல்களைத் திறந்து, மின்விசிறியை நிறுத்தி, கால் மணி நேரம் காத்திருங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், அது பொடியைக் காற்றில் பரப்பும். தடித்த அட்டையால் துண்டுகளை வாரி, எஞ்சிய தூளை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள புட்டியில் இட்டு வையுங்கள். தொட்டிக்குள்ளேயே உடைந்துவிட்டால், மின்சாரத்தை நிறுத்தி, மீன்களை வேறு நீருக்கு மாற்றுங்கள். கையுறை அணிந்து, மணலை முழுவதும் நீக்கி அதனையும் அந்தக் கழிவோடு சேர்த்து மூடி வையுங்கள். தொட்டியையும் செடிகளையும் நன்கு கழுவிய பின்னரே மீன்களைத் திரும்ப விடலாம். அந்த நீரை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்ட வேண்டாம்.

இந்த மாதம் மீன்தொட்டி வாங்க எண்ணும் குடும்பத்தார் முதலில் ஓர் அளவுகோலை எடுத்துத் தொட்டியை அளந்து, லிட்டரைக் கணக்கிட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதன்கீழே செடியின் பெயரையும், வேண்டிய லூமனையும் எழுதுங்கள். அந்தத் தாளைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். பெட்டியில் உள்ள எண்ணைத் தாளில் உள்ள எண்ணோடு அந்தப் பிள்ளையே ஒப்பிட்டுச் சொல்லட்டும்.